மணலுக்கு மூன்று சுழி

எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்தால் முதலில் மாதா காலடியில் வைப்பார்கள். அப்புறம் சொந்தபந்தங்களுக்குக் கொடுப்பார்கள். போஸ்ட்டம்மாவுக்கு மட்டும் கல்யாணம் முடிந்த மறுநாள்தான் கொடுப்பார்கள். முன்னாலேயே கொடுத்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தப்புகளைச் சுழித்து, கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒரு தடவை மீன் ஏலக்காரர் வீட்டுப் பத்திரிகையில் 'மனமக்கள்' என்று அச்சாகியிருந்தது.

"பதினாலு பேரு நல்வரவை நாடுறீங்க. ஒருத்தருக்குமா மூணு சுழி தெரியல?"

"மனசு ஒத்த மக்கள்னு வச்சுக்கங்கம்மா" என்று ஏலக்காரர் சமாளித்தார்.

"மனசு ஒத்துச்சா இல்லையான்னு ஒரு வருசங் கழிச்சு அடிங்க. இப்ப மூணு சுழி போடுங்க."

பாம்பன் பக்கம் எங்கள் ஊர். கடைத்தெருவில் என் கருவாட்டுக் கடை. எதிரே ஐம்பது எட்டு நடந்தால் தபாலாபீஸ். அங்கே சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள்தான் இவள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக்காரி. நெல்லு விளைகிற ஊர்க்காரி இந்த உப்புக் காற்றுக்கு மாற்றலாகி வந்து, எங்கள் தெருவிலேயே ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். அரசாங்க உத்தியோகம் பார்த்தவளை அவர் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் "மரியாதை போட்டா எடை கூடும், கனம் கூடாது" என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

எடை வேறு, கனம் வேறு. அது அவள் அடிக்கடி சொல்லும் பேச்சு. ஊர் ஊராக எழுத்தாளர்கள் அவளுக்குப் புத்தகம் அனுப்புவார்கள். பார்சல் வந்ததும் தபால் தராசில் வைப்பாள். "முந்நூத்தம்பது கிராம் எடை இருக்கு. கனம் இருக்கான்னு ராத்திரிக்குள்ள தெரிஞ்சுபோகும்" என்பாள். படித்து முடித்ததும் சீல் குத்துவதுபோல் வலது கையை மடக்கி மேசையில் ஒரு குத்து. சத்தம் என் கடைக்குக் கேட்கும். மெதுவாகக் குத்தினால் புத்தகம் தேறியது என்று அர்த்தம். அப்படி மெதுவாகக் கேட்டது ரொம்பக் கம்மி.

என்னையும் ஒரு தடவை குத்தினாள். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவள் வந்த புதிது. ஒரு செவ்வாய்க்கிழமை கால் கிலோ நெத்திலி வாங்கிப்போனாள். வெள்ளிக்கிழமை தபால்காரத் தம்பி என் கடைக்கு வந்து ஒரு கார்டை நீட்டினான். எனக்குக் கார்டு போட உலகத்தில் யாரும் இல்லை. படிக்கவும் அப்போது தெரியாது. கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள்.

"ஏலே, என்னலே எழுதிருக்கு? கோர்ட்டு நோட்டீசா?" என்றேன்.

அவன் கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்பறமா வந்து படிக்கிறேன் ஆத்தா."

"இப்பவே படி. நான் யாருக்குப் பயப்படணும்?"

படித்தான். 'அம்மா, தங்களிடம் செவ்வாயன்று வாங்கிய நெத்திலியில் மணல் இருந்தது. மீனைத் தரையில் காயப்போடாமல் வலை விரித்து அதன்மேல் காயப்போடவும். இப்படிக்கு, எதிரே இருக்கும் தபாலாபீஸ்.'

கடையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முப்பது வருஷமாக என் கருவாட்டை ஒருத்தரும் ஒரு சொல் சொன்னதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே தபாலாபீஸ் சன்னலுக்குப் போனேன்.

"அம்பது எட்டுல கடை இருக்கு. வாயத் தொறந்து சொன்னா முத்து உதுந்துருமோ?"

அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கடிதங்களுக்குச் சீல் குத்திக்கொண்டே சொன்னாள்: "வாயால சொன்னா நீங்க உடனே பதில் சொல்லுவீங்க. கார்டுல எழுதினா ரெண்டு நாளு யோசிப்பீங்க."

"என் நெத்திலியில மணல் இல்ல."

"இருந்துச்சு."

"இல்ல."

"அடுத்த ஆள் வாங்க" என்றாள், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து.

அன்றைக்கே சாக்குப்பையை மாற்றி, கடற்கரையில் பழைய வலையைக் கட்டி, அதன்மேல் மீனைக் காயப்போட ஆரம்பித்தேன். அவள் சொன்னதற்காக இல்லை, வலை சும்மா கிடந்ததே என்று. கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொன்னேன்.

இன்னொன்றும் செய்தேன். கோயில் வளாகத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு சாயங்காலம் நடந்தது. போய்ச் சேர்ந்தேன். எதற்கு இந்த வயதில் என்று எல்லாரும் கேட்டார்கள். என்னைத் திட்டி வருகிற கார்டை இனி நானே படிக்கணும், ஊரைக் கூட்டிப் படிக்கவிடக் கூடாது, அதற்குத்தான் என்றேன். வகுப்பில் மற்றவர்கள் அம்மா, ஆடு என்று ஆரம்பித்தார்கள். நான் 'மணல்' என்று எழுதிக் காட்டச் சொன்னேன். மணலுக்கு மூன்று சுழி. மனசுக்கு இரண்டு சுழி. நான் முதலில் உருப்படியாகக் கற்ற பாடம் அதுதான்.

அதற்கப்புறமும் கார்டு வந்துகொண்டேதான் இருந்தது. 'வாளை சரியாகக் காயவில்லை.' 'சூடைக்கு உப்பு மிஞ்சிவிட்டது.' நன்றாக இருந்தால் கார்டு வராது. அது அவள் கணக்கு. கார்டு வராத வாரம் என் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். போகப்போக அவளும் மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்து உட்கார ஆரம்பித்தாள். நீங்க போய் நீ ஆனது. என்னை அக்கா என்பாள், நான் ஏத்தா என்பேன். ஒருபோதும் "நல்லாருக்குக்கா" என்று மட்டும் சொன்னதில்லை.

ஊரில் ஒரு வாசகர் வட்டம் உண்டு. மருந்துக்கடைத் தம்பிதான் செயலாளர். மாதம் ஒருநாள் நூலக மாடியில் கூடுவார்கள், சின்னதாக ஒரு பத்திரிகையும் போட்டார்கள். போஸ்ட்டம்மா புத்தகங்களைப் பற்றி எழுதுவது அதில்தான். ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து அந்தத் தம்பியோடு சண்டை போட்டாள்.

"யாரு புத்தகம் போட்டாலும் அருமை, அற்புதம், அவசியம் படிக்கணும்! எல்லாப் புத்தகமும் அற்புதம்னா நூலகம் எதுக்கு தம்பி? கோயில் கட்டி மணி அடிங்க."

"பின்ன என்ன செய்யணுங்கிறீங்க?"

"நல்லா எழுதினவனுக்கு ஊரெல்லாம் விருது இருக்கு. மோசமா எழுதினதை மோசம்னு தைரியமா எழுதினவனுக்கு ஒரு விருது குடுங்க."

அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "என்ன பரிசு குடுக்குறது? சவுக்கா?"

அப்போது என் தலைக்கு மேலே திருக்கை மீனின் வால் ஒன்று காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்த்தாள். அவனும் பார்த்தான்.

திருக்கைவாலைப் பற்றிக் கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் நீளம் வளரும். காய்ந்தால் அரம்போல் சொரசொரக்கும். எங்கள் அய்யா அதைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பார். எடுத்து அடித்ததே இல்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான், நாங்கள் ஆறு பேரும் ஒழுங்காகிவிடுவோம்.

இப்படித்தான் திருக்கைவால் விருது பிறந்தது. வருஷத்தில் வந்ததிலேயே காரமான மதிப்புரை எதுவோ, அதை எழுதியவருக்குப் பொன்னாடைக்குப் பதில் ஒரு வால். விதி இரண்டே. புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும், மேடையில் மூன்று கேள்வி கேட்பார்கள். அடி புத்தகத்தின்மேல் விழ வேண்டும், ஆளின்மேல் விழக் கூடாது. இரண்டு விதியும் அவள் போட்டது. வால் கொடுப்பது என் பொறுப்பு. முதல் வருஷம் பரமக்குடியிலிருந்து ஒரு பையன் வாங்கிப்போனான். 'இந்த நாவலில் நூறு பக்கத்துக்கு மழை பெய்கிறது. ஒரு குடம் தண்ணீர் பிடிக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தானாம். தண்ணீருக்குத் தவிக்கிற எங்கள் சீமையில் இதைவிடப் பெரிய அடி கிடையாது. கூட்டம் கை தட்டி ஓய ரொம்ப நேரமானது. நானும் தட்டினேன். அடி வாங்குகிறவர் வேறு யாரோ என்றால் கை நன்றாகத்தான் தட்டுகிறது.

நாலாவது வருஷம் என் மகள் புத்தகம் போட்டாள்.

ஒரே மகள். ராமநாதபுரத்தில் பள்ளிக்கூட டீச்சர். கவிதைப் புத்தகம், முழுக்க அம்மாவைப் பற்றி. வெளியீட்டு விழாவில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். கடலில் உப்பு வந்ததே என் கண்ணீரால்தான் என்று ஒருவர் மேடையில் படித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். என்னைப் பற்றி என்றால் சும்மாவா, நானும் தட்டினேன். புத்தகத்தைக் கொண்டுவந்து மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பொடி எழுத்து. திறந்து படிக்கவில்லை. ஆனால் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் "என்னையப் பத்திப் புஸ்தகம் வந்துருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கருவாட்டை நிறுத்தேன்.

போஸ்ட்டம்மாவுக்கு என் கையாலேயே ஒன்று கொடுத்தேன். "படிச்சுட்டு நல்ல வார்த்தை ரெண்டு எழுதுத்தா."

"நல்ல வார்த்தை வேணுமா, ரெண்டு வார்த்தை வேணுமா?"

"ரெண்டும்" என்றேன் பெருமையாக.

அன்று சாயங்காலம் மாடியில் குத்துச் சத்தம் கேட்டது. மெதுவாகக் கேட்கவில்லை. அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். மருந்துக்கடைத் தம்பி வாலுக்கு வந்தான். அந்த வருஷம் வந்ததிலேயே நீளமானதை எடுத்து வைத்திருந்தேன்.

"யாருக்குத் தம்பி இந்த வருசம்?"

"போஸ்ட்டம்மாவுக்குத்தான்."

"பாத்தியா! நாலு வருசமாச்சு அவளுக்குக் கிடைக்க. எந்தப் புஸ்தகத்தைக் கிழிச்சா?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான். செருப்பில் எழுதியிருப்பதுபோல் ரொம்ப நேரம் பார்த்தான். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் ஆத்தா" என்றான்.

மகளுக்குப் போன் போட்டேன். ஒரு மாதமாக அவள் சரியாகப் பேசாததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

"ஒரு பக்கம் முழுக்கக் கிழிச்சுருக்காங்கம்மா. உன் மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல" என்று அழுதாள்.

வாலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். "வாலும் இல்ல, கீலும் இல்ல. போய்ப் பொன்னாடையப் போர்த்துங்க" என்று தம்பியை அனுப்பிவிட்டேன். அன்று மத்தியானம் போஸ்ட்டம்மா சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். கடைப் பலகையை இழுத்துச் சாத்தினேன். அவள் திரும்பி நடந்துவிட்டாள். கையிலிருந்த பாத்திரம் மட்டும் கிணுங் கிணுங் என்று கேட்டுக்கொண்டே போனது. விருது விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மூன்றாம் நாள் கார்டு வந்தது. தபால்காரத் தம்பியிடமிருந்து பிடுங்கி நானே எழுத்துக் கூட்டினேன். 'அக்கா, வால் தர வேண்டாம். ஆனால் புத்தகத்தையும் நான் எழுதியதையும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத் தராமல் இரு. விதி உனக்கும் உண்டு.'

என்னை யாரும் விதி தெரியாதவள் என்று சொல்லிவிடக் கூடாது. மாதா பக்கத்திலிருந்து புத்தகத்தை எடுத்தேன். மருந்துக்கடையில் பத்திரிகையைக் கேட்டு வாங்கினேன். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் போனேன். ஐந்து நாள் ஆனது.

முதலில் மகளின் புத்தகம். அதில் அம்மா அழுகிறாள். அடுத்த பக்கத்திலும் அழுகிறாள். அம்மா மெழுகுவத்தியாக உருகுகிறாள். பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு வடிதண்ணீரைக் குடித்துப் படுக்கிறாள். நான் எப்போது வடிதண்ணீர் குடித்தேன்? வறுத்த நெத்திலி இல்லாமல் நான் ஒரு வேளை சோற்றில் கை வைத்ததில்லை. பக்கத்தைப் புரட்டப் புரட்ட, யாரிந்தப் பாவப்பட்ட பொம்பளை, இவளுக்கு யாராவது ஒரு வழி பண்ணக் கூடாதா என்றுதான் இருந்தது.

அப்புறம் போஸ்ட்டம்மா எழுதியது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன், பார்த்துத்தான் எழுதுகிறேன்.

'இந்த நூலில் ஒரு பக்கம் தவறாமல் அம்மா அழுகிறார். அந்த அம்மாவை நான் பல வருடங்களாக அறிவேன். அவர் அழுது நான் பார்த்ததில்லை, பிறரை அழவைத்துப் பார்த்திருக்கிறேன். எடையில் ஏமாற்ற வந்த மொத்த வியாபாரியைத் தராசுத் தட்டோடு கடைத்தெருவில் ஓடவிட்டவர். சிரித்தால் மாடிவரை கேட்கும். தன்னைத் திட்டி வரும் கடிதத்தைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காக அறுபது வயதில் எழுத்துக் கற்றவர். தன் நெத்திலியில் மணல் இருந்ததை இன்றுவரை ஒப்புக்கொள்ளாதவர். இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, நாள்காட்டிப் படத்தைப் பார்த்துக் கவிதை எழுதியிருக்கிறார் மகள். நூல் முழுக்க அம்மா என்ற சொல் இருக்கிறது. அம்மா இல்லை. கடித்த இடமெல்லாம் மணல்.'

கடைசி வரியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். அப்புறம் மகளுக்குப் போன் போட்டேன்.

"ஏத்தா, நான் எப்ப வடிதண்ணி குடிச்சேன்?"

"கவிதைன்னா அப்படித்தாம்மா எழுதுவாங்க."

"அப்ப அது எந்த வீட்டு அம்மா?"

"உன்னைய உள்ளபடி எழுதினா யாரும்மா கை தட்டுவா? பாதி வசவுதான் இருக்கும்."

"இருக்கட்டுமே. என் வசவுக்கு என்ன கொறச்சல்?"

மூக்கை உறிஞ்சினாள். அழுகையா சிரிப்பா என்று போனில் தெரியவில்லை. "விழாவுக்கு வா. அடி வாங்கினவதான் முன் வரிசையில உக்காரணும். அடிச்ச வாலே நம்ம வீட்டு வாலு, உனக்கு என்ன வெக்கம்?" என்றேன்.

நான் அழுது பார்த்ததில்லை என்று போஸ்ட்டம்மா எழுதியதை வைத்து, நான் அழுததே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை அழுதிருக்கிறேன். அது மகளுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இங்கேயும் எழுதப்போவதில்லை.

விழா அன்று வாலைப் புதுத் துண்டில் சுற்றி நானே மேடைக்குக் கொண்டுபோனேன். மகள் முன் வரிசையில் இருந்தாள், முகம் இஞ்சி தின்ற மாதிரி. மூன்று கேள்விக்கும் போஸ்ட்டம்மா பக்க நம்பரோடு பதில் சொன்னாள். வாலைக் கையில் கொடுத்தேன். வாங்கி, எடை பார்க்கிறவள்போல் ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன்.

"இது என் மகளை அடிச்ச வாலு. நான்தான் காயவச்சேன், நான்தான் குடுக்குறேன். புஸ்தகத்தையும் படிச்சேன், இவ எழுதினதையும் படிச்சேன். ரெண்டுல எதுல நான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். ஆனா இவ எழுதினதுலயும் ஒரு தப்பு இருக்கு."

போஸ்ட்டம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"என் நெத்திலியில மணல் இல்ல."

"இருந்துச்சு" என்றாள் அவள், மைக் இல்லாமலேயே.

"இல்ல."

"இருந்துச்சுக்கா."

முன் வரிசையில் முதலில் சிரித்தது என் மகள்தான். அப்புறம் மொத்தக் கூட்டமும். மூன்று நாள் கழித்து எனக்குக் கார்டு வந்தது: 'பேச்சு சுருக்கமாக இருந்தது. கடைசி வரி பொய்.' மகளுக்கும் தனியாக ஒன்று போயிருக்கிறது. அதில் என்ன இருந்தது என்று அவள் காட்டவில்லை. ஆனால் அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடைக்கு வந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசப் பேச எழுதுகிறாள். வசவு வருகிற இடத்தில் மட்டும் புள்ளி வைக்கிறாள். அதையும் எழுது என்று நான் சண்டை போடுகிறேன்.

போஸ்ட்டம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அதற்கப்புறமும் சில வருஷம் மாடியில் இருந்தாள். முட்டிவலி வந்து படியேற முடியாமல் போனபோது அண்ணன் மகன் வந்து ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கூட்டிப்போனான். வாலையும் பழைய சேலையில் சுற்றி எடுத்துப்போனாள். மாதம் ஒருமுறை பஸ் நடத்துனர் தம்பியிடம் நெத்திலி கொடுத்துவிடுகிறேன். கார்டு வராது. வராவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியுமே.

அவளைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கே தோன்றியது. நானே எழுதினேன், மகள் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தாள், சொல்லில் கை வைக்கவில்லை. இதை அவளுக்கும் அனுப்பப்போகிறேன். தராசில் வைப்பாள். கடைசிப் பக்கம் வரை படிப்பாள். அதனால் இத்தனை வருஷம் சொல்லாததை இந்தக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன்: இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை நெத்திலியில் மணல் இருந்தது. அன்று மத்தியானமே என் தட்டில் கடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. முதலில் எழுதியபோது நடுவில் ஓரிடத்தில், அவளுக்குத் தங்கமான மனசு என்று எழுதியிருந்தேன். நேற்றுத் திரும்பப் படித்தபோது கண்ணில் பட்டது. எழுத்தில் பிழை இல்லை, இரண்டு சுழிதான் போட்டிருந்தேன். ஆனாலும் அது மணல். அடித்துவிட்டேன்.